பலகையில் விழுந்த செவ்வாய்

மாமே அகுவா அட்டையைத் தேய்த்தார். பலகையில் "செவ்வாய்" என்று விழுந்தது.

சபை வாசலில் நின்ற கூட்டம் தலைகளைத் திருப்பியது. மாமே அகுவா முதலில் பலகையைப் பார்த்தார். பிறகு அந்தப் பலகையைச் செய்து மாட்டிய ஓப்போங்கைப் பார்த்தார்.

"தம்பி, என் பேர் என்ன?"

"மாமே அகுவா."

"அகுவான்னா என்ன கிழமை?"

"புதன்."

"அங்க என்ன போட்டிருக்கு?"

ஓப்போங் பலகையின் ஒயரை ஆட்டிப் பார்த்தான்.

கானாவின் குமாசியில் மூன்று வயதுக் குழந்தையும் இதில் தப்புச் செய்யாது. செவ்வாயில் பிறந்தவள் அபெனா, புதனில் பிறந்தவள் அகுவா, வெள்ளியில் பிறந்தவள் அஃபுவா. ஒருவரை அகுவா என்று கூப்பிட்டுவிட்டு, நீங்கள் என்ன கிழமை என்று கேட்பவன் ஊருக்குப் புதியவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் யந்திரமாக இருக்க வேண்டும். சபை அட்டையில் மாமே அகுவாவின் பெயர் கம்ஃபர்ட் அசாரே என்றுதான் இருக்கும். அதனால் யந்திரம் அக்ராவில் இருக்கும் தலைமைச் சபையின் பதிவேட்டைக் கேட்கும். குழந்தைகளின் ஞானஸ்நானத்தின்போது தாய்மார்கள் சொல்லச் சொல்ல எழுதிய பிறந்த தேதிகள் அதில் இருக்கின்றன. தேதியை வைத்துக் கிழமையைக் கணக்கிட்டுப் பலகையில் போடும்.

இவ்வளவு பாடும் அறுவடைத் திருநாளுக்காக. திருநாளுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் எந்தக் கிழமைக்காரர்கள் அதிகம் பேர் மணியடிக்கும் முன் வந்து சேருகிறார்களோ, அவர்கள் தலைவிதான் முதல் பெருவள்ளிக்கிழங்கைப் பீடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். ஆறு வருடமாகப் புதன்கிழமைக்காரர்கள்தான் ஜெயிக்கிறார்கள். ஆறு வருடமாக மாமே அகுவாதான் கிழங்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போகிறார். சென்ற வருடம் கை தூக்கி எண்ணியபோது ஒரே ஆள் மூன்று கிழமைக்குக் கை தூக்கியதாகப் புகார் வந்தது. நான் யந்திரம் செய்து தருகிறேன், காசு வேண்டாம் என்று ஓப்போங் தானாகப் போய்த் தலையைக் கொடுத்தான்.

காசு வேண்டாம் என்றால் ஒன்றும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அவனுக்கு வேண்டியது மாமே அகுவாவின் மகள் செர்வா. போட்டி முடிந்த அடுத்த சனிக்கிழமை, அவனுடைய மாமன்மார்கள் இரண்டு புட்டி ஷ்னாப்ஸ் மதுவோடு மாமே அகுவாவின் வீட்டுக் கதவைத் தட்டி முறைப்படி பெண் கேட்பதாக இருந்தது.

"கதவு தட்டுறது இருக்கட்டும்," என்றார் மாமே அகுவா. "முதல்ல உன் மெஷினை என்னைப் புதன்கிழமைன்னு சொல்லச் சொல்லு. அது வரைக்கும் என் கதவுக்குப் பக்கத்துல உன் நிழலும் விழக் கூடாது."

வாசலில் வந்தவர்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த ஆன்ட்டி மன்சா, மாமே அகுவாவுக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா. மடியில் எப்போதும் வறுத்த நிலக்கடலைப் பொட்டலம் இருக்கும். அவர் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டபடி சொன்னார்: "மெஷின் நல்லாத்தானே இருக்கு. பாவம், பையனை விடு."

"அக்கா, உனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? நீ சும்மா இரு."

மன்சா அடுத்த கடலையை எடுத்தார்.

ஓப்போங்குக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கடையில் ரொட்டி வாங்கினால் துண்டுகளை எண்ணுவான். யாராவது நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால், ஏன் கேட்கிறான் என்று இரண்டு நாள் யோசிப்பான். அன்று மதியம் அவன் சந்தேகம் நேராகப் போய் நின்ற இடம் எபோ.

எபோ சபையின் மைக்கையும் ஒலிபெருக்கியையும் பார்த்துக்கொள்பவன். பலகையோடு இணைத்த லேப்டாப் இருந்தது அவன் அறையில். அவன் செவ்வாய்க்கிழமைக்காரன். போதாததற்கு, பாடகர் குழுப் பயிற்சிக்கு வரும் செர்வாவுக்குச் சுடச்சுடக் கெலெவெலே வாங்கிக் கொடுத்ததை ஓப்போங் இரண்டு தடவை பார்த்திருக்கிறான். ஒரு மனுஷன் காரணம் இல்லாமல் இன்னொருவன் காதலிக்கு மசாலா போட்டுப் பொரித்த வாழைப்பழம் வாங்கித் தருவானா?

"சார்லி, உன் லேப்டாப்பை நான் தொடவே இல்ல," என்றான் எபோ. அந்த ஊரில் கூட்டாளியைச் சார்லி என்றுதான் கூப்பிடுவார்கள், சண்டை போடும்போதும்கூட.

"தொட்டியான்னு நான் கேட்கவே இல்லையே?"

"முறைக்கிறதுலயே தெரியுதே!"

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறான் என்று ஓப்போங் மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்தான். ஜாவாஸ்கிரிப்டில் அவனே எழுதியது. முதல் வரி அக்ராவைக் கேட்கும்: இந்த அட்டைக்காரர் என்ன கிழமை, தெரிந்ததும் என்னைக் கூப்பிடு. கேட்டுவிட்டு நிரல் காத்திருக்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரியின் வேலை, முன்னால் வந்தவரின் கிழமையைப் பலகையிலிருந்து துடைப்பது. நான்கைந்து நொடி கழித்து அக்ராவிலிருந்து பதில் வரும், துடைத்த பலகையில் எழுதப்படும். அட்டைக்காரர் உள்ளே போகும்போது பலகையில் எந்தக் கிழமை இருக்கிறதோ அதற்கு ஒரு ஆள் கூடும். இதில் கோளாறு எங்கே வரும்?

யோசித்தபோது அவனுக்குப் பிடி கிடைத்தது. மாமே அகுவாவுக்கு முன்னால் போனவள் தக்காளி விற்கும் அபெனா. செவ்வாய்! அவளுடைய பதில் தாமதமாக வந்து மாமே அகுவாவின் தலையில் விழுந்திருக்கிறது. அக்ரா லைன் ஆமை வேகம். குற்றவாளி தாமதம்தான். எபோ இல்லையென்று அவனால் இன்னமும் சொல்ல முடியவில்லை, ஆனால் முதல் குற்றவாளி தாமதம்.

ஆகவே தாமதத்தை ஒழித்தான். ஒரு தடவை கேட்ட பதிலை லேப்டாப் நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினான். அன்று காலை வந்த பதில்களையும் அதில் ஏற்றினான். போன வாரம் வந்தவர் இந்த வாரமும் வந்தால் அக்ராவைக் கேட்க வேண்டாம், பதில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும். இந்த வேகத்தைக் கண்டு தன்னையே மெச்சிக்கொண்டு தூங்கினான்.

இரண்டாவது ஞாயிறு. பத்து வருடமாக ஒரு ஞாயிறும் தவறாத மூப்பர் ஒருவர் அட்டையைத் தேய்த்தார். பலகை காலி. அவர் மனைவி தேய்த்தார். காலி. முப்பது வருடமாகப் பாடகர் குழுவில் இருக்கும் அம்மாள் தேய்த்தார். காலி. பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து சும்மா வேடிக்கை பார்க்க வந்த ஒருவன் தேய்த்தான். பலகை "சனி, வருக வருக!" என்று பெரிய எழுத்தில் மின்னியது.

"ஓஹோ," என்றார் மூப்பர். "தெரிஞ்சவனுக்கு முகத்தைத் திருப்பிக்கிற மெஷினா இது?"

காரணம் எளியது, ஆனால் ஓப்போங்குக்கு அன்று எளியதாகத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்குப் பதில் அதே கணத்தில் வந்து பலகையில் எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகுதான் நிரல் அடுத்த வரிக்குப் போகும். அடுத்த வரி துடைக்கும் வரி. எழுதிய சூடு ஆறும் முன்னே துடைத்துவிடும்.

மாமே அகுவா தேய்த்தார். காலி.

"போன வாரம் செவ்வாய்ல பொறந்தேன். இந்த வாரம் பொறக்கவே இல்லையா?" என்று அவர் இடுப்பில் கை வைத்தார். "கேட்டுக்கங்க எல்லாரும். நான் பொறந்தப்போ என் அப்பா டமாலே ரோட்டுல லாரி ஓட்டிக்கிட்டிருந்தார். பொண்ணு பொறந்திருக்குன்னு காதுல விழுந்ததும் நடுரோட்டுல லாரியை நிறுத்தி, இறங்கி, 'இன்னிக்குப் புதன், என் பொண்ணு அகுவா!'ன்னு ஊரே கேட்கக் கத்தினார். பின்னாடி நின்ன பதினேழு லாரிக்காரனும் கை தட்டினான். அந்த அகுவா நான்!"

ஆன்ட்டி மன்சாவுக்குக் கடலை புரையேறியது. செர்வா ஓடிப்போய் முதுகைத் தட்டினாள்.

அன்று மாலை ஓப்போங் துடைக்கும் வரியையே எடுத்தெறிந்தான். துடைத்தால்தானே வம்பு? அப்படியே லேப்டாப்பை எபோவின் அறையிலிருந்து எடுத்து, டிரம் வைக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

"சாவியைச் சங்கிலியில கோத்துப் போட்டிருக்கியே, பூசாரியா ஆயிட்டியா?" என்றாள் செர்வா.

"எபோ உனக்குக் கடைசியா எப்போ கெலெவெலே வாங்கித் தந்தான்?"

"நான்தான் காசு குடுத்து வாங்கிட்டு வரச் சொன்னேன். அவன் வீட்டுப் பக்கத்துல கடை."

எவ்வளவு இயல்பாகச் சொல்கிறாள் என்று ஓப்போங்குக்கு அதிலும் ஒரு சந்தேகம் வந்தது.

மூன்றாவது ஞாயிறு முழு நாசம். தெரிந்தவர்களுக்குக் கிழமை உடனே விழுந்தது, சரி. ஆனால் புதிதாக வந்தவர்களுக்குப் பதில் அக்ராவிலிருந்து ஆடி அசைந்து வருவதற்குள், முன்னால் போனவரின் கிழமை துடைக்கப்படாமல் அப்படியே நின்றது. அந்தக் கிழமைக்கே ஒரு ஆள் கூடியது. இரண்டு வாரம் கழித்து அன்றுதான் ஊர் திரும்பியிருந்த போதகர், ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர், வெள்ளிக்கிழமைப் பெண்மணி ஒருத்திக்குப் பின்னால் அட்டையைத் தேய்த்தார். "வெள்ளி, வருக வருக!" என்றது பலகை. வெள்ளிக்கிழமைக்காரர்கள் போதகரையே வளைத்துவிட்டார்கள் என்று சனிக்கிழமைக்காரர்கள் கத்தினார்கள்.

அதன் பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை. தன் கிழமைக்கு ஆள் சேர்க்க வேண்டுமானால் தேய்த்துவிட்டு உடனே பின்னால் ஒரு புது ஆளை நிறுத்தினால் போதும் என்று திங்கள்கிழமைக்காரர்கள் கண்டுபிடித்து, கல்லூரி விடுதியிலிருந்து வேற்றூர்ச் சபை அட்டையோடு விருந்தாளிகளைக் கொண்டுவந்தார்கள். வியாழக்கிழமைக்காரர்கள் வாசலில் ஒரு காவலாளியைப் போட்டார்கள். அந்தக் காவலாளியைக் கவனிக்க வெள்ளிக்கிழமைக்காரர்கள் இன்னொருவரைப் போட்டார்கள்.

மாமே அகுவா தேய்த்தார். "செவ்வாய்."

ஓப்போங் சட்டென்று திரும்பிப் பார்த்தான். அவருக்கு நேர் முன்னால் அட்டை தேய்த்துவிட்டுப் போனவன் எபோ!

"பிடிச்சுட்டேன்!" என்று கத்தினான். "வேணும்னே இவங்களுக்கு முன்னால வந்து நின்னுருக்கான்! இவன் செவ்வாயை இவங்க மேல ஒட்டிட்டுப் போறான்!"

"சார்லி, வரிசைன்னு ஒண்ணு இருந்தா யாராவது முன்னால நிக்கத்தான் செய்வாங்க!"

"நீ ஏன் நின்னே?"

"மைக் போடணும்டா! நான் உள்ள போகலைன்னா போதகர் தொண்டை கிழியக் கத்தணும்!"

"பையா, நான் ஒண்ணு சொல்றேன்," என்று ஆன்ட்டி மன்சா ஆரம்பித்தார். "மெஷின் மேல தப்பு இல்ல, இந்தப் பையன் மேலயும்..."

"அக்கா!" என்றார் மாமே அகுவா. மன்சா கடலைக்குத் திரும்பினார். போதகர் மூன்று வாரக் கணக்கையும் ரத்து செய்தார். நாலாவது ஞாயிறு மட்டும்தான் போட்டி, அன்றும் பலகை சொதப்பினால் அதைக் கழற்றி எடுத்துப் போய்விட வேண்டும் என்று ஓப்போங்கிடம் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அதுதான் ஓப்போங்கை அதிகம் உறுத்தியது.

புதன்கிழமை மாலை செர்வா வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். ஓப்போங் அழும் நிலையில் இருந்தான். இந்தப் பெண் இல்லாமல் தனக்கு ஒரு வாழ்க்கை இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்தான்.

"அழாதே. அம்மா கேட்டாங்க, உன் ஆளு செஞ்ச மெஷின் யார் மாதிரி இப்படி இருக்குன்னு. நான் சொன்னேன், அப்படியே உங்களை மாதிரின்னு."

"என்ன?"

"அம்மாகிட்ட ஏதாவது கேட்டுப் பாரு. சில நாள் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்து மூஞ்சியில விழும். சில நாள் மூணு நாள் கழிச்சு, நாம கேட்டதையே மறந்தப்புறம், சமையலறையிலேருந்து 'சரி, போயிட்டு வா'ன்னு வரும். எங்கே போகச் சொல்றாங்கன்னே தெரியாது. லேட்டா சொல்றது தப்பில்ல ஓப்போங். உடனே சொல்றதும் தப்பில்ல. எப்போ எது வரும்னு தெரியாதது இருக்கே, அதோட மனுஷன் குடும்பம் நடத்த முடியாது. அப்பாவே ஒரு வழி கண்டுபிடிச்சார். அம்மா உடனே பதில் சொன்னாக்கூட, கேட்காத மாதிரி வாசலுக்குப் போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்துதான் வாங்கிக்குவார். எல்லாப் பதிலும் அவருக்கு ஒரே மாதிரி லேட்டு."

ஓப்போங் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

துடைக்கும் வரியைத் திரும்பப் போட்டான். பதில் நினைவில் இருந்தாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, நடக்கிற வேலை முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று மாற்றினான். தெரிந்தவனோ புதியவனோ, யாருக்கும் கேட்ட கணத்தில் பதில் கிடையாது. முதலில் துடை, பிறகு எழுது, எப்போதும் அந்த வரிசைதான். பதில் வரும் வரை வாசலைத் தாண்ட விடாமல் ஒரு சிவப்பு விளக்கும் வைத்தான். சனிக்கிழமை மதியம் சபை அலுவலக இழுப்பறையில் இருந்த நாற்பது அட்டைகளையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்த்தான். நாற்பதும் சரி. மாமே அகுவாவின் அட்டை அதில் இல்லை. அவர் அதை யாரையும் நம்பிக் கொடுப்பதில்லை, இடுப்பு முடிச்சிலேயே வைத்திருப்பார்.

இருந்தாலும் ஓப்போங் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைக்கவில்லை. போதகரிடம் கெஞ்சி, எபோவை விடிந்ததும் முதல் ஆளாக உள்ளே அனுப்பி, மைக் பக்கத்திலிருந்து நகரக் கூடாது என்று சத்தியம் வாங்கினான்.

"ஒண்ணுக்கு வந்தா?" என்றான் எபோ.

"அடக்கிக்கோ."

நாலாவது ஞாயிறு யந்திரம் தேர் போல ஓடியது. மூப்பருக்கு வியாழன். அவர் மனைவிக்குத் திங்கள். போதகருக்கு ஞாயிறு, அவர் ஜெபமே செய்துவிட்டார். விருந்தாளிக்கும் பழைய ஆளுக்கும் ஒரே தாமதம், ஒரே மரியாதை. காவலாளிகள் கவனிக்க ஒன்றுமில்லாமல் ஒருவரிடம் ஒருவர் கடலை வாங்கித் தின்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஓப்போங் யாரையும் சந்தேகப்படாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான்.

மணியடிக்க இரண்டு நிமிடம். செவ்வாய் நாற்பத்தொன்று, புதன் நாற்பத்தொன்று. உள்ளே வர வேண்டியவர் இன்னும் ஒருவர்தான். தன் ஆட்களையெல்லாம் ஆட்டு மந்தையை ஓட்டுவது போல் உள்ளே ஓட்டிவிட்டு, வெள்ளையும் நீலமுமான புதுத் துணியில், மாமே அகுவா கடைசியாக வாசலுக்கு வந்தார். பெருவள்ளிக்கிழங்கைத் தூக்கச் சும்மாடுகூடச் சுருட்டி வைத்திருந்தார்.

ஓப்போங் முன்னால் போனவரைப் பார்த்தான். சனிக்கிழமைக் கிழவர். எபோவைப் பார்த்தான். தூரத்தில், மைக்கைக் கட்டிப்பிடித்தபடி, கால்களை நெருக்கிக்கொண்டு நின்றான். எல்லாம் சரி. செர்வா அவனைப் பார்த்துச் சிரித்தாள். இனி சனிக்கிழமைதான், இரண்டு புட்டிதான், கதவுதான்.

மாமே அகுவா அட்டையைத் தேய்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சனி துடைக்கப்பட்டது. பலகை காலியாக, ஒரு சுத்து சுத்திவிட்டு வரும் மாமனார் போல, நிதானமாக நின்றது. பிறகு எழுதியது.

"செவ்வாய், வருக வருக!"

செவ்வாய் நாற்பத்திரண்டு. மணி அடித்தது. உள்ளே செவ்வாய்க்கிழமைக்காரர்கள் வெள்ளைக் கைக்குட்டைகளைச் சுழற்றி ஆட ஆரம்பித்தார்கள். எபோ மைக்கைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான், ஆடுவதற்கில்லை.

மாமே அகுவாவின் கையிலிருந்து சும்மாடு அவிழ்ந்து விழுந்தது. இந்தத் தடவை சந்தேகப்பட ஓப்போங்குக்கு ஒருவரும் மிச்சமில்லை.

"கதவு தட்டுறதா?" என்றார் மாமே அகுவா. "என் தெருவுக்குள்ள வந்தா உன் காலை உடைப்பேன். அறுபது வருஷமா நான் அகுவா. என் அப்பா வெச்ச பேரை உன் பெட்டி பொய்னு சொல்லுமா? அக்கா! நான் பொறந்தப்போ நீ பக்கத்துலயே இருந்தே இல்ல? சொல்லு, இந்தக் கூட்டம் மொத்தமும் கேட்கச் சொல்லு, நான் என்ன கிழமை?"

ஆன்ட்டி மன்சா மடியிலிருந்த கடலைத் தொலிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகினார். பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்:

"நீ பொறந்தது செவ்வாய்க்கிழமைதான்டி. அப்பா காதுக்குச் சேதி போய்ச் சேர்ந்ததுதான் புதன்."